பல்லு போடாத கிடாரி மேல காளக்கன்னு ஏறிடுச்சு, சினையை கலைக்க ஊசி போடலாமா?

மேட்டாங்காட்டான் | ஆகஸ்ட் 5, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு தாராபுரம் பக்கம், ஆறு கறவை, ரெண்டு கிடாரி, ஒரு காளக்கன்னு. ஆடி 18க்கு எல்லாரும் கொடுமுடி போயிட்டு பொழுதோட திரும்பி வந்து பாத்தா காளக்கன்னு கயித்தை அத்துக்கிட்டு சின்ன கிடாரிகிட்ட நிக்குது, கிடாரிக்கு பின்னாடி வழும்பு (பருவத்துல ஒழுகற சளி) தொங்குது. பக்கத்து தோட்டத்து அக்கா மத்தியானத்துல இருந்தே மூணு நாலு தடவை ஏறிடுச்சுங்கறாங்க. கன்னுக்கு பதினொரு மாசம் தானுங்க ஆகுது, பால் மறக்கடிச்சு ரொம்ப நாள் கூட ஆகல, அதுக்குள்ள இந்த வேலை பாக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.

கிடாரிக்கு பதிமூணு மாசம், ஜெர்சி கலப்பு, பால்பல்லு விழுந்து பெரிய பல்லு இன்னும் போடல. ரெண்டுமே ஒரே காளையோட சினை ஊசிக்கு (செயற்கை கருவூட்டல்) பொறந்ததுங்க, தாய் தான் வேற. அக்கா தம்பி முறை ஆகுது. இது வேண்டாம், கலைச்சிடலாம்னு பாக்கறேன். அதுக்கு ஊசி இருக்குன்னு சொல்றாங்க, நாளைக்கே போட்டுடலாமுங்களா?

இன்னொண்ணு, பெரிய கிடாரி வைகாசில கருங்கல்பாளையம் சந்தைல வாங்கினது, வந்ததுல இருந்து ஒரு தடவை கூட பருவத்துக்கு வந்து கத்தல. அதுக்கு பருவத்துக்கு வர ஊசி போடணும்னு இருந்தேன். மெடிக்கல்ல கேட்டா ரெண்டுக்கும் ஒரே மருந்து தாங்கறான், எனக்கு அது தான் புரியல. கலைக்கறதுக்கும் கத்த வைக்கறதுக்கும் எப்படிங்க ஒரே ஊசி?

செவலைக்காரன் | ஆகஸ்ட் 5, இரவு 10:20

எங்கூர்ல இதுக்கெல்லாம் டாக்டர் கிட்ட போறது இல்ல. பச்சை பப்பாளி நாலு நாள், அப்புறம் எருக்கம் வேர்னு பெரியவங்க ஏதோ அரைச்சு குடுப்பாங்க. கலைஞ்சிரும். இல்லாட்டி விட்டுருங்க, கடவுள் குடுத்த கன்னு.

கறவை_செல்வி | ஆகஸ்ட் 5, இரவு 10:41

எருக்கெல்லாம் குடுக்காதீங்கண்ணா, அது விஷம், சினை கலையுதோ இல்லையோ கிடாரி போயிரும். எங்க பெரியப்பா தோட்டத்துல இப்படி ஏதோ அரைச்சு ஊத்தி மாடு வயிறு ஊதி ரெண்டே நாள்ல முடிஞ்சுது.

அப்புறம் அந்த ஊசியை சும்மா வாங்கிட்டு வந்து யாரையாவது விட்டு போட்டுடாதீங்க. என் கதை இருக்கு, காலைல பால் ஊத்திட்டு வந்து எழுதறேன்.

பழைய_மருந்தகம் | ஆகஸ்ட் 6, காலை 6:15

தம்பி, நான் முப்பது வருஷம் கால்நடை மருந்தகத்துல இருந்து ஓய்வு ஆனவன். பதட்டப்பட வேண்டாம், உங்களுக்கு நேரம் இருக்கு. நாளைக்கே போட்டா தான் தப்பு.

ஏன்னு சொல்றேன். மாடு கத்தி முடிஞ்சதும் முட்டை வெடிச்ச இடத்துல சினைப்பை மேல சின்னதா ஒரு கட்டி வளரும், கார்பஸ் லூட்டியம்னு பேரு. புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் அதுல இருந்து தான் வருது. சினையை புடிச்சு வெச்சிருக்கறதும் அது தான், மாட்டை திரும்ப கத்த விடாம வெச்சிருக்கறதும் அது தான். புரோஸ்டாகிளாண்டின் ஊசி (கடையில எஸ்ட்ரூமேட், வெட்மேட், லுட்டாலைஸ்னு பல பேர்ல இருக்கும்) அந்த கட்டியை கரைச்சு விட்டுடும். சினை இல்லாத மாட்டுல கட்டி கரைஞ்சா ரெண்டு மூணு நாள்ல கத்தும். சினை மாட்டுல கரைஞ்சா சினை போயிரும், கூடவே கத்தவும் கத்தும். ஒரே பூட்டு, ஒரே சாவி. உங்க மெடிக்கல்காரர் சொன்னது சரி தான்.

ஆனா முதல் அஞ்சு நாள் அந்த கட்டி இன்னும் பிஞ்சு, மருந்துக்கு அசையாது. நாளைக்கு போட்டா காசும் போச்சு, சினையும் அப்படியே நிக்கும், நீங்க போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்துட்டு நாலாம் மாசம் வயித்தை பாத்து முழிப்பீங்க. இந்த தப்பை நான் நெறைய பாத்துட்டேன். ஆடி 18ல இருந்து பத்து நாள் கழிச்சு, அதாவது 13ம் தேதி வாக்குல, உங்க டாக்டரை வரச்சொல்லி ஆசனவாய் வழியா கையை விட்டு சினைப்பையை பாத்துட்டு போடச்சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. கிடாரி எவ்வளவு கிலோன்னு டேப் வெச்சு அளந்து சொல்லுங்க. முன்னங்காலுக்கு பின்னாடி நெஞ்சு சுத்தளவு இஞ்சில, தோள் முனையில இருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளம் இஞ்சில. சுத்தளவை சுத்தளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 300ஆல வகுத்தா பவுண்டு வரும். 2.2ஆல வகுத்தா கிலோ.

கறவை_செல்வி | ஆகஸ்ட் 6, காலை 9:05

சொன்ன கதை. போன வருஷம் எங்க கருப்பி, ரெண்டாம் ஈத்து, நாலஞ்சு மாசமா கத்தவே இல்ல. ஒருத்தர் வந்தாரு, யாருன்னு சொல்ல வேண்டாம், "பருவ ஊசி போட்டா மூணாம் நாள் கத்தும், அன்னிக்கே சினை ஊசி போட்டுக்கலாம்"னாரு, கையை விட்டு பாக்கல, நாங்களும் கேக்கல, ஏன்னா கடைசியா சினை ஊசி போட்டது நிக்கலைன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். நாலாம் நாள் விடிகாலைல கட்டுத்தரைல ஒண்ணு கெடக்கு, ஒரு பூனைக்குட்டி அளவு, குளம்பெல்லாம் வந்திருக்கு. என் மாமியார் பாத்துட்டு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. அது சினையா இருந்ததால தான் கத்தாம இருந்திருக்கு!! நாங்களே காசு குடுத்து கலைச்சிருக்கோம்.

நஞ்சு (நஞ்சுக்கொடி) விழல, ஒரு வாரம் டாக்டர் வந்து மருந்து வெச்சாரு, பால் பாதியா கொறைஞ்சுது. அண்ணா உங்க பெரிய கிடாரியும் கத்தலைங்கறீங்க, சந்தைல வாங்கினதுங்கறீங்க, தயவு செஞ்சு மொதல்ல பாருங்க.

காராம்பசு | ஆகஸ்ட் 6, மதியம் 1:30

எல்லாரும் மருந்து பேரு, நாள் கணக்குன்னு பேசறீங்க, யாருக்கும் மனசு உறுத்தலையா. வயித்துல இருக்கற கன்னை கலைக்கறது பசு சாபம். எங்க தாத்தா காலத்துல காளை ஏறினா ஏறினது தான், கன்னு வந்தா வந்தது தான், இப்படியா ஊசிய தூக்கிட்டு ஓடினாங்க?

வாய்க்கா_மேட்டு_ராசு | ஆகஸ்ட் 6, மதியம் 2:10

தாத்தா காலத்துல இருந்தது நாட்டு மாடுங்க, ரெண்டரை, மூணு வயசுல தான் அதுங்க பருவத்துக்கே வரும், ஒடம்பு முத்தி வரும். கலப்பின கிடாரி தீவனம் நல்லா இருந்தா வருஷத்துலயே கத்துது, இடுப்பு எலும்பு இன்னும் விரியாது. எங்க பக்கத்து வீட்டுல இப்படி தான் சின்னதுல சினையாகி, கன்னு வெளிய வரல, நாலு பேர் கயிறு கட்டி இழுத்து கன்னு செத்து தான் வந்துது. கிடாரி பின்னங்கால் ரெண்டும் விலகி படுத்தது எந்திரிக்கவே இல்ல, ஒன்பது நாள் புரட்டி புரட்டி போட்டோம், முதுகெல்லாம் புண்ணு. அந்த பாவம் எந்த கணக்குல வருதுன்னு சொல்லுங்க.

பழைய_மருந்தகம் | ஆகஸ்ட் 6, மாலை 5:48

ராசு சொன்னது, கன்னு இடுப்புல மாட்டி நரம்பு நசுங்கினா அப்படி தான் கால் விலகும். காராம்பசு சொல்றதையும் நான் கேலி பண்ண மாட்டேன், வேணாம்னு சொன்ன வீடுகள்ல நான் ஊசி போட்டதே இல்ல, அவங்க மாடு அவங்க முடிவு. ஆனா பத்தாம் நாள் உள்ள இருக்கறது கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாத அளவு. அஞ்சாம் மாசம் கலைக்கறதும் இதுவும் ஒண்ணு இல்லைங்க.

தாத்தா காலத்துல கலைக்கலைன்னு யார் சொன்னது? இந்த மருந்து வர்றதுக்கு முன்னாடி டாக்டருங்க கையை உள்ள விட்டு அந்த கட்டியை விரலால நசுக்கி எடுப்பாங்க, சில மாடு உள்ளயே ரத்தம் கசிஞ்சு செத்தும் போகும். இல்லாட்டி ஈஸ்ட்ரோஜன் ஊசி. புரோஸ்டாகிளாண்டின் மாட்டுக்கு வந்ததெல்லாம் 1970கள்ல தான், அமெரிக்காவுல லுட்டாலைஸுக்கு அனுமதி கெடைச்சது 1979ல. எங்களுக்கு சொல்லி குடுத்த பழைய வாத்தியாருங்க எல்லாம் கையால நசுக்கின தலைமுறை.

மேட்டாங்காட்டான் | ஆகஸ்ட் 6, இரவு 8:33

டாக்டருங்க ரொம்ப நன்றி. அளந்துட்டேன். சின்னது சுத்தளவு 50, நீளம் 42. கணக்கு போட்டா 350 பவுண்டு, 159 கிலோ வருதுங்க. பெருசு சுத்தளவு 58, நீளம் 50, 255 கிலோ பக்கம்.

ஒண்ணு ஒத்துக்கணும். நீங்க எழுதினதை பாக்கறதுக்கு முன்னாடியே இன்னிக்கு காலைல டவுனுக்கு போனவன் ரெண்டு ஊசி வாங்கிட்டு வந்துட்டேன், ஒண்ணு சின்னதை கலைக்க, ஒண்ணு பெருசை கத்த வைக்க. சீட்டு இல்லாம தான் குடுத்தாங்க. இப்ப செல்வி அக்கா எழுதினதை படிச்சதும் கை நடுங்குது. ஊசி ரெண்டும் அலமாரில இருக்கு. 13ம் தேதி எங்க மருந்தக டாக்டர் வரேன்னு சொல்லிட்டாங்க.

அம்மா காராம்பசு ஐயா கட்சி. நேத்துல இருந்து என்கிட்ட பேச்சு கம்மி.

பழைய_மருந்தகம் | ஆகஸ்ட் 6, இரவு 9:10

159 கிலோல சினையே ஆகக்கூடாது. ஜெர்சி கலப்புக்கு 230, 250 வந்தா தான் சினை ஊசியை பத்தியே யோசிக்கணும்.

வீட்டுல புள்ளத்தாச்சி பொண்ணுங்க யாராவது இருந்தா அந்த பாட்டில்கிட்ட போகவே விடாதீங்க, இது மட்டும் விளையாட்டு இல்ல. அந்த மருந்து தோல் வழியா ஒடம்புக்குள்ள போகும், அவங்களுக்கும் கருப்பை சுருங்கும். ஆஸ்துமா இருக்கறவங்களும் தொடக்கூடாது. கையில பட்டா உடனே சோப்பு போட்டு கழுவணும். அலமாரின்னு சொன்னீங்களே, எந்த அலமாரி?

மேட்டாங்காட்டான் | ஆகஸ்ட் 6, இரவு 9:22

அய்யோ. தங்கச்சி ஆறு மாசம், ஆடிக்கு இங்க தான் வந்திருக்கு, அந்த அலமாரில தான் அது மாத்திரையும் இருக்கு. இப்பவே எடுத்து மோட்டார் ரூம்ல வெச்சு பூட்டிட்டேன்.

தென்னந்தோப்பு72 | ஆகஸ்ட் 8, காலை 7:40

டாக்டர் சார் ஒரு சந்தேகம், எத்தனை மாசம் வரை இந்த ஊசி வேலை செய்யும்? எங்களுக்கு எப்பவும் லேட்டா தான் தெரிய வருது, தெரியறப்ப மடி எறங்க ஆரம்பிச்சிடுது.

பழைய_மருந்தகம் | ஆகஸ்ட் 8, காலை 11:25

ஏழாம் நாள்ல இருந்து அஞ்சு மாசம் வரை இந்த ஊசி மட்டுமே போதும், 150 நாள்னு ஒரு கோடு வெச்சுக்கங்க. அது வரை சினையை தாங்கறது அந்த கட்டி மட்டும் தான். அஞ்சு மாசத்துக்கு மேல நஞ்சுக்கொடியும் புரோஜெஸ்டிரோன் சுரக்க ஆரம்பிச்சிடும், கட்டி கரைஞ்சாலும் சினை நிக்கும். அப்ப டெக்சாமெத்தசோனும் (ஒரு ஸ்டீராய்டு மருந்து) சேத்து போடறது உண்டு, ஆனா அது வேற வெளையாட்டு. நஞ்சு தங்கும், கர்ப்பப்பை சீழ் வெக்கும், அடுத்த சினைக்கு மாசக்கணக்கா அலையணும். எட்டாம் மாசத்துக்கு மேல போயிட்டா கலைக்கறதை விட டாக்டரை பக்கத்துல வெச்சுக்கிட்டு ஈன வைக்கறது மேல், தேவைப்பட்டா வயித்தை கிழிச்சு எடுக்கறது.

மொதல் ரெண்டு மாசத்துல போட்டா பெரும்பாலும் வெளிய எதையும் பாக்க மாட்டீங்க. ரெண்டு மாசத்துல சுண்டெலி அளவு, மூணுல எலி அளவு, நாலுல பூனைக்குட்டி. சீக்கிரம் தெரிஞ்சா எல்லாருக்கும் நல்லது, காராம்பசு ஐயாவுக்கும் சேத்து தான் சொல்றேன்.

டோஸ் யாரும் கேக்கல ஆனா கேப்பீங்க. குளோப்ரோஸ்டினால்னா 2 மில்லி, அதாவது 500 மைக்ரோகிராம், சதையில. டைனோப்ரோஸ்ட்னா 5 மில்லி, 25 மில்லிகிராம். இதை வெச்சுக்கிட்டு நீங்களே போட்டுடாதீங்க, லேபிளை படிக்கறப்ப புரியட்டும்னு எழுதறேன். ஊசியை விட கை தான் முக்கியம்.

வாய்க்கா_மேட்டு_ராசு | ஆகஸ்ட் 8, இரவு 8:02

இந்த ஊசிக்கு எங்க வீட்டுல ஒரு நல்ல கதையும் இருக்குங்க. ஒரு மாடு பத்து மாசம் தாண்டியும் ஈனல, மடியும் விடல, டாக்டர் கையை விட்டு பாத்துட்டு கன்னு உள்ளயே செத்து காஞ்சு கெடக்குன்னாரு. இதே ஊசி தான், நாலாம் நாள் கருவாடு மாதிரி ஒண்ணு வந்துச்சு, அவரே உறை மாட்டி எடுத்தாரு. அந்த மாடு அப்புறம் ரெண்டு ஈத்து ஈனிடுச்சு.

மேட்டாங்காட்டான் | ஆகஸ்ட் 13, இரவு 9:15

டாக்டர் வந்துட்டு போனாங்க. லேடி டாக்டர், கை சின்னது, அதனால தான் சின்ன கிடாரிக்கு உள்ள விட முடிஞ்சுது, இல்லாட்டி கஷ்டம்னாங்க. வலது பக்க சினைப்பைல கட்டி நல்லா இருக்காம். பத்து நாள்ல சினை நின்னுச்சா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா கட்டி இருக்கு, மருந்து கேக்கும்னு சொல்லி போட்டாங்க. அரை மணி நேரம் கிடாரி கொஞ்சம் எச்சில் ஒழுக்கிட்டு, வேர்த்து நின்னுச்சு, அப்புறம் சோளத்தட்டு திங்க ஆரம்பிச்சிடுச்சு.

அடுத்து பெருசு. நான் ரெண்டாவது ஊசியை கையில எடுத்து குடுக்கறேன், அவங்க உள்ள கையை விட்டவங்க அப்படியே நின்னுட்டாங்க. ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம் "அந்த ஊசியை உள்ள வைங்க"ன்னாங்க. நாலு மாச சினையாமுங்க!! உள்ள பொத்தான் பொத்தானா தட்டுதாம், ரத்தக்குழாய் சல்லுனு அதிருதாம். சித்திரையிலயே சினையானதை தான் எனக்கு வெறும் கிடாரின்னு வித்திருக்காங்க. 6ம் தேதி அந்த ஊசியை நானே போட்டிருந்தா...

செல்வி அக்கா, உங்க கருப்பி எங்க கன்னை காப்பாத்திடுச்சு.

கறவை_செல்வி | ஆகஸ்ட் 13, இரவு 9:40

எனக்கு அழுகையே வந்திருச்சு. மாமியாருக்கு படிச்சு காட்டினேன்.

தென்னந்தோப்பு72 | ஆகஸ்ட் 14, காலை 8:11

ஆனா அதுவும் வேண்டாத சினை தானே? எந்த காளைன்னே தெரியாது. பெரிய எச்எஃப் (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) காளையா இருந்தா தலைஈத்துல கன்னு பெருசா வந்து மாட்டும். 150 நாளுக்குள்ள தான் இருக்கு, இதையும் கலைச்சிட்டு நல்ல சினை ஊசி போடலாமே. நான் வியாபாரமா யோசிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

பழைய_மருந்தகம் | ஆகஸ்ட் 14, மதியம் 12:30

வியாபாரமாவே பேசுவோம். 255 கிலோ, இன்னும் அஞ்சு மாசத்துல வளரும், தை பொங்கல் பக்கம் ஈனும். கலைச்சா நஞ்சு தங்கற பயம், அப்புறம் கர்ப்பப்பை ஆறி, கத்தி, சினை நின்னு, ஒன்பது மாசம். பால் பாக்க இன்னும் சுமாரா ஒரு வருஷம் ஆகும். அப்பன் தெரியாத கன்னுக்காக ஒரு வருஷ தீவனம் போடணுமா? நான்னா விட்டுடுவேன். ஆனா கடைசி ரெண்டு மாசம் தீவனம் கூட்டுங்க, அதுக்காக கொழுக்க வெச்சிடாதீங்க. ஈனற வாரம் 1962 (கால்நடை ஆம்புலன்ஸ்) நம்பரை கண்ணுல படற இடத்துல எழுதி வைங்க.

சந்தை மாடு, அதனால ரத்தம் எடுத்து புருசெல்லா (சினையை கலைய வைக்கற தொத்து நோய்) இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஊசி போடாமயே ஆறு, ஏழு, எட்டு மாசத்துல கன்னு வீசினா மொத சந்தேகம் அது தான். வீசின கன்னையும் நஞ்சையும் வெறும் கையால தொடாம, நாய் இழுக்காம, சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைக்கணும், மனுசனுக்கும் வரும் அது. பொட்டைக் கன்னுங்களுக்கு நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள ஒரே ஒரு தடவை தடுப்பூசி, அரசாங்கமே இலவசமா போடுது. இதுக்கான தேசிய திட்டம் 2019ல தொடங்கினது, உங்க மருந்தகத்துல கேளுங்க.

மேட்டாங்காட்டான் | ஆகஸ்ட் 16, காலை 6:50

சின்னது விடிகாலைல இருந்து கத்துது! வழும்பு கண்ணாடி மாதிரி. கலைஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கலாமுங்களா டாக்டர்?

பழைய_மருந்தகம் | ஆகஸ்ட் 16, காலை 7:05

ஆமா. இப்ப காளக்கன்னு எங்க இருக்கு? அதை மொதல்ல பாருங்க. ஊசி போட்டு மூணாம் நாள் கத்தறப்ப அதே காளை திரும்ப ஏறி, திரும்ப என்கிட்ட வந்தவங்க இருக்காங்க.

மேட்டாங்காட்டான் | ஆகஸ்ட் 16, காலை 7:12

புளிய மரத்துல, ரெண்டு கயிறு, ஒரு சங்கிலி. அடுத்த வாரம் பர்டிசோ இடுக்கி போட்டு காயடிக்க டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.

மேட்டாங்காட்டான் | அக்டோபர் 4, இரவு 8:20

பழைய இழை, ஆனா கேட்டவங்களுக்காக. சின்னது செப்டம்பர் 6ம் தேதி சரியா 21 நாள்ல திரும்ப கத்துச்சு, 27லயும் கத்துச்சு, டாக்டர் கையை விட்டு பாத்து வெறும் கிடாரின்னு எழுதி குடுத்துட்டாங்க. 250 கிலோ வர்ற வரை சினை ஊசி பேச்சே இல்ல. பெருசுக்கு ரத்தம் பாத்தாச்சு, புருசெல்லா இல்ல. காளக்கன்னுக்கு காயடிச்சாச்சு. அந்த ரெண்டாவது ஊசியை டாக்டர்கிட்டயே குடுத்துட்டேன்.

அம்மா கிடாரி கலைச்சதை பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசல. ஆனா சின்னதுக்கு மட்டும் தினமும் ஒரு சொம்பு கம்மங்கூழ் தனியா போகுது, நான் பாக்காத மாதிரி போயிடறேன்.

புது_பண்ணையாள் | அக்டோபர் 19, இரவு 11:46

வணக்கம் அட்மின், என் மாடு மூணு மாசமா கத்தல, மெடிக்கல்ல வெட்மேட் வாங்கி வெச்சிருக்கேன், எத்தனை மில்லி போடணும் யாராவது அவசரமா சொல்லுங்க

கறவை_செல்வி | அக்டோபர் 19, இரவு 11:49

ஊசியை கீழ வைங்க தம்பி. மேல இருந்து படிச்சிட்டு வாங்க.